ஆஸ்பத்திரி ஊழியர்களிடம் பேஷண்ட் சேஃப்டி சர்வே எடுப்பது எப்படி: கேள்வித்தாள் முதல் பூட்டிய பெட்டி வரை

எம்.எஸ்.சி. நர்சிங் படித்துக்கொண்டு தீசிஸுக்குத் தலைப்பு எடுத்தவர்களுக்கும், "இனிமே நீங்கதான் குவாலிட்டி பார்த்துக்கணும்" என்று ஒரு நாள் திடீரென வார்டிலிருந்து கூப்பிட்டு குவாலிட்டி டிபார்ட்மெண்டில் உட்கார வைக்கப்பட்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நோயாளி பாதுகாப்பைப் பற்றி ஊழியர்கள் என்ன மனநிலையில் இருக்கிறார்கள் என்று ஒரு சர்வே எடுக்கச் சொல்லியிருப்பார்கள். கேட்கும்போது ஒரு மாத வேலை மாதிரி இருக்கும்.

எனக்கு ஊர் வாலாஜாபேட்டை. வேலூர், ராணிப்பேட்டை பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு மேல்படிப்புக்குப் போனேன். அதே மாதிரி இன்னொரு ஆஸ்பத்திரியில் இந்த சர்வேயை எடுத்தேன். ஜூலையில் ஆரம்பித்தது பிப்ரவரி கடைசியில்தான் முடிந்தது. நடுவில் ஒரு முறை, வந்து சேர்ந்த படிவங்களை மொத்தமாகக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

படிவத்தை நிரப்பித் தருகிறவர் "எழுதினது யார் என்று யாருக்கும் தெரியாது, இதனால் எனக்கு மெமோ வராது" என்று நம்பினால்தான் உண்மையை எழுதுவார். கீழே வரும் படிகளில் பாதி அந்த நம்பிக்கைக்காகத்தான். படிக்கும்போது "இது எதற்கு இவ்வளவு" என்று தோன்றினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1. கேள்வித்தாளை நீங்களே தயாரிக்காதீர்கள்

முதல் மாதம் முழுக்க நான் இதில்தான் வீணாக்கினேன். நானே முப்பது கேள்வி எழுதிக்கொண்டு கைடிடம் (தீசிஸுக்கு வழிகாட்டுகிற ஆசிரியர்) போனேன். அதில் பாதிக்கு மேல் "கை கழுவ வேண்டிய ஐந்து தருணங்கள் எவை" என்கிற மாதிரி கேள்விகள். அது அறிவைச் சோதிக்கிற பரீட்சை. மனநிலையைக் கேட்பது வேறு. கை கழுவத் தெரிந்த ஒருவர், பெரிய டாக்டர் கை கழுவாமல் டிரஸ்ஸிங் பிரிக்கும்போது "சார், ஒரு நிமிஷம்" என்று சொல்வாரா, சொன்னால் அந்த வார்டில் அவருக்கு என்ன ஆகும், இதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கென்று உலகம் முழுக்கப் பயன்படுகிற கேள்வித்தாள்கள் இருக்கின்றன. இரண்டு போதும்.

ஒன்று, சேஃப்டி ஆட்டிட்யூட்ஸ் க்வெஸ்ச்சனேர், சுருக்கமாக எஸ்.ஏ.க்யூ. விமானிகளிடம் கேட்ட கேள்வித்தாளிலிருந்து உருவானது. சின்ன வடிவத்தில் 36 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் "கொஞ்சமும் ஒப்புக்கொள்ளவில்லை" (1) முதல் "முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்" (5) வரை ஐந்து கட்டங்களில் ஒன்றை டிக் செய்ய வேண்டும். குழுவாக வேலை செய்வது, பாதுகாப்புச் சூழல், வேலைத் திருப்தி, களைப்பும் மன அழுத்தமும் தன் வேலையைப் பாதிக்கிறது என்று ஒப்புக்கொள்வது, நிர்வாகத்தைப் பற்றிய எண்ணம், வேலை செய்யும் வசதிகள் என்று ஆறு பகுதிகள்.

இன்னொன்று, அமெரிக்க அரசின் ஏ.எச்.ஆர்.க்யூ. அமைப்பு 2004இல் வெளியிட்ட ஆஸ்பத்திரி சர்வே. இதற்கு 2019இல் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. பழையதில் 42 கேள்விகள், 12 பகுதிகள். புதியதில் 40 கேள்விகள், 10 பகுதிகள். டியூட்டி மாறும்போது தகவல் போய்ச் சேருகிறதா, தவறு நடந்தால் எப்படி நடத்துகிறார்கள், ஆள் பற்றாக்குறை, மேலதிகாரி ஆதரவு என்று நேரடியாகப் போகும். கடந்த 12 மாதங்களில் எத்தனை சம்பவங்களை ரிப்போர்ட் செய்தீர்கள் என்ற கேள்வியும் உண்டு.

பேச்சுக்கு இரண்டும் ஒன்று என்பார்கள், ஒன்றல்ல. தனி மனிதர்களின் மனப்போக்கு வேண்டுமென்றால் முதலாவது. ஆஸ்பத்திரியின் நடைமுறையில் எங்கே ஓட்டை என்று தெரிய வேண்டுமென்றால் இரண்டாவது. நான் முதலாவதை எடுத்தேன், ஏனென்றால் அதில் "நான் இங்கே நோயாளியாகப் படுத்தால் பாதுகாப்பாக இருப்பதாக உணர்வேன்" என்று ஒரு வாக்கியம் வருகிறது. அந்த ஒரு வரிக்கு முன்னால் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்த சிஸ்டர்களைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு பொறி. பழைய தீசிஸ்களிலிருந்து கேள்வித்தாளை ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். எனக்குக் கிடைத்த ஒன்றில் இரண்டு வாக்கியங்கள் விட்டுப்போயிருந்தன, ஒன்றில் "கடினம்" என்பது "எளிது" என்று மாறியிருந்தது. மூலத்தை அதை வெளியிட்டவர்களின் இணையதளத்திலிருந்தே இறக்குங்கள். எந்தப் பதிப்பு, எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வைவாவில் (தீசிஸ் பற்றிய வாய்மொழித் தேர்வு) கேட்பார்கள்.

2. ஆஸ்பத்திரியில் இரண்டு கடிதம் வாங்குங்கள்

எல்லோரும் ஒரு அனுமதிக் கடிதம்தான் வாங்குவார்கள். கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு மெடிக்கல் சூப்பிரண்டெண்டைப் பார்த்து, "உங்கள் ஆஸ்பத்திரியில் ஆய்வு நடத்த அனுமதிக்கிறேன்" என்று லெட்டர்பேடில் கையெழுத்து. அதற்கு எனக்கு மூன்று வாரம் ஆனது. அதைப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை, நேரில் போய் உட்கார்ந்தால் நடக்கும். மதியம் ஓ.பி. முடிந்த பிறகு போங்கள்.

இரண்டாவது கடிதம்தான் முக்கியம், அதைக் கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. நிர்வாகம் ஊழியர்களுக்கு எழுதுகிற கடிதம் அது. நாலு வரி போதும்: இந்த சர்வேயில் பெயர் கேட்கப்படாது, கலந்துகொள்வது அவரவர் விருப்பம், எழுதிய எதற்காகவும் யார் மீதும் நடவடிக்கை இருக்காது, நிரப்பிய படிவங்களை நிர்வாகம் பார்க்காது. கையெழுத்தும் சீலும் போட்டுத் தமிழில் வாங்கிக் கைரேகை வைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். தரத் தயங்கினால் வேறு ஆஸ்பத்திரி பாருங்கள். இதைக்கூடத் தராத இடத்தில் சர்வே எடுத்தால் கிடைப்பது வெறும் காகிதம்.

3. தமிழாக்கம்: இங்கே அவசரப்படாதீர்கள்

நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் ஸ்டாஃப் கலவையானவர்கள். சித்தூர் பக்கத்திலிருந்து வருகிற தெலுங்குக்காரர்கள், கேரளத்து சிஸ்டர்கள், நம்மூர்ப் பிள்ளைகள். டாக்டர்களுக்கும் பாதி நர்ஸ்களுக்கும் ஆங்கிலம் போதும். மற்ற நர்ஸ்கள், ஏ.என்.எம். (துணை நர்ஸ்), லேப், பார்மசி, ஆயாம்மா, ஹவுஸ்கீப்பிங் எல்லோருக்கும் தமிழ் வேண்டும். இரண்டு மொழியிலும் அச்சடித்து அவரவர் கேட்பதைக் கொடுங்கள்.

முறை இதுதான்: ஒருவர் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்து அர்த்தம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு பேரிடமும் சான்றிதழ் வாங்க வேண்டும், தேதியோடு.

நான் காட்பாடியில் ஒரு தமிழாசிரியரிடம் கொடுத்தேன். நல்ல மனிதர், நல்ல தமிழ். ஆனால் "யூனிட்" என்பதை "அலகு" என்று எழுதியிருந்தார், "ஹேண்ட் ஓவர்" என்பதற்குக் "கையளிப்பு". "எரர்" என்று வந்த இடத்தில் எல்லாம் "குற்றம்". திரும்ப ஆங்கிலமாக்கியபோது இது பெரிதாகத் தெரியவில்லை. வார்டில் ஒரு ஆயாம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இங்கே குற்றங்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது கடினம்" என்ற வரி வந்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தே விட்டார். "நான் ஒரு குற்றமும் பண்ணலைம்மா."

அன்றைக்கே உட்கார்ந்து மாற்றினேன். "குற்றம்" எல்லாம் "தவறு" ஆனது, சில இடத்தில் "தவறிப்போவது". "அலகு" வார்டு ஆனது. "கையளிப்பு", "டியூட்டி மாறும்போது சொல்லிவிட்டுப் போவது" ஆனது. "மேலாண்மை" என்பதை "ஆஸ்பத்திரி நிர்வாகம்" என்று எழுதினால் எல்லோருக்கும் புரிகிறது. நியர் மிஸ் என்பதற்கு ஒரு சொல் தேடாதீர்கள், "தவறு நடக்க இருந்து, கடைசி நேரத்தில் கவனித்துத் தடுத்தது" என்று விளக்கியே எழுதுங்கள். தமிழாசிரியரிடம் திரும்பப் போய்க் காரணம் சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டு புதுச் சான்றிதழ் தந்தார்.

எதிர்மறையாக வரும் வாக்கியங்களைத் தனியாகக் கவனியுங்கள். "நோயாளி விஷயத்தில் ஒரு பிரச்சினை தெரிந்தால் இந்த வார்டில் அதை எடுத்துச் சொல்வது கடினம்" என்கிற வாக்கியத்துக்கு "ஒப்புக்கொள்ளவில்லை" என்று டிக் செய்தால்தான் நல்ல பதில். தமிழில் அதை "கடினமாக இல்லாமல் இல்லை" என்கிற மாதிரி சுற்றி வளைத்தால் யாருக்கும் புரியாது. வாக்கியம் நேராக இருக்கட்டும்.

இதோடு, ஐந்து நிபுணர்களிடம் கேள்வித்தாள் சரியாக இருக்கிறது என்று சான்று வாங்கும் வேலையும் உண்டு. எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. ஒவ்வொருவரிடமும் போய்க் காத்திருக்காமல், ஐந்து பேருக்கும் ஒரே நாளில் கொடுத்துவிட்டுப் பத்து நாள் கழித்து நினைவூட்டுங்கள்.

4. எத்திக்ஸ் கமிட்டி

மனிதர்களை வைத்துச் செய்கிற ஆய்வு அவர்களைப் பாதிக்காதா என்று பார்த்து அனுமதி தருகிற குழு இது. "நோயாளியைத் தொடவே இல்லை, ஊழியர்களிடம் பேப்பர் கொடுக்கிறோம், இதற்கெதற்கு எத்திக்ஸ்" என்று சீனியர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மேலதிகாரிக்குக் கீழே வேலை செய்கிற ஊழியர்களையும் மாணவர்களையும் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லத் தயங்குவார்கள் என்பதுதான் காரணம்.

மதிப்பாய்வு மூன்று வகை: விலக்கு, விரைவு, முழுக் கமிட்டி. பெயர் கேட்காத சர்வே பெரும்பாலும் விரைவு வகையில் போகும், ஆனால் அதை முடிவு செய்வது கமிட்டி, நீங்கள் இல்லை. கூட்டம் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை, அதற்கு எத்தனை நாள் முன்னால் ஃபைல் உள்ளே போக வேண்டும் என்பதை முதல் வாரமே விசாரித்துக் காலண்டரில் குறியுங்கள். எங்கள் கமிட்டி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூடியது, பதினைந்து நாள் முன்னால் ஃபைல் கேட்டார்கள். தமிழாக்கச் சான்றிதழ் ஒன்றில் தேதி இல்லை என்று என் ஃபைல் திரும்பியிருந்தால் இன்னும் இரண்டு மாதம் போயிருக்கும். கடைசி நாள் காலையில் பஸ் பிடித்துப் போய்த் தேதி போட்டு வாங்கி வந்தேன்.

ஃபைலில் வைக்க வேண்டியவை: விண்ணப்பப் படிவம், ஆய்வுத் திட்டம், இரண்டு மொழியிலும் கேள்வித்தாள், திரும்ப ஆங்கிலமாக்கிய பிரதி, தமிழாக்கச் சான்றிதழ்கள், நிபுணர் சான்றுகள், இரண்டு மொழியிலும் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும், ஆஸ்பத்திரி அனுமதிக் கடிதம், கைடின் கடிதம், உங்களுடைய பயோடேட்டா. எத்தனை செட் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு செட் கூடவே எடுங்கள்.

இந்தப் படியில் பெரும்பாலோர் விழுகிற குழி ஒன்று உண்டு. ஒப்புதல் படிவத்தில் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்குவோம். அதைக் கேள்வித்தாளோடு ஸ்டேப்ளர் போட்டுக் கொடுத்தால் "பெயர் கேட்கவில்லை" என்று சொல்வதற்கு என்ன அர்த்தம்? கையெழுத்து இல்லாமல், தகவல் தாளைப் படித்து நிரப்பித் தருவதையே ஒப்புதலாக எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டுக் கமிட்டிக்கு ஒரு பத்தி எழுதுங்கள், காரணத்தோடு. ஒத்துக்கொள்ளாவிட்டால் கையெழுத்துப் படிவத்துக்கு ஒரு பெட்டி, கேள்வித்தாளுக்கு வேறொரு பெட்டி என்று பிரித்துவிடுங்கள்.

இன்னொன்றும் யோசித்து எழுதி வையுங்கள். கருத்து எழுதும் இடத்தில் யாராவது "இந்த மாதம் இந்த வார்டில் இப்படி ஒரு நோயாளிக்கு மருந்து மாறிப் போனது" என்று எழுதிவிட்டால் என்ன செய்வீர்கள்? நோயாளிக்கு இன்னும் ஆபத்து இருக்கலாம். எழுதியவரைக் காட்டிக்கொடுக்காமல் யாரிடம், எப்படிச் சொல்வது என்பது ஆய்வுத் திட்டத்திலேயே இருக்கட்டும்.

5. யாரிடம் கேட்பது, எத்தனை பேரிடம்

மொத்தம் 210 ஊழியர் என்றால், எத்தனை பேர் தேவை என்று கணக்கிடுகிற யாமனே சூத்திரத்தில் ஐந்து சதவீதப் பிழை வைத்துப் போட்டால் 138 வரும். கணக்குக்கு அது சரி. முடிந்தால் எல்லோருக்குமே கொடுத்துவிடுங்கள். சிலருக்கு மட்டும் கொடுத்தால் "என்னை ஏன் எடுத்தார்கள்" என்ற சந்தேகம் அந்தச் சிலருக்கு வரும்.

நர்ஸ்களோடு நின்றுவிடாதீர்கள். தரை ஈரமாக இருந்து வயதானவர் வழுக்கியதையும், ஊசி போட்ட நீடில் பெட்ஷீட்டுக்குள் கிடந்ததையும் முதலில் பார்ப்பவர்கள் ஆயாம்மாக்கள். படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்குப் படித்துக் காட்டலாம், ஆனால் சூப்பர்வைசர் படித்துக் காட்டக் கூடாது. நான் என் கல்லூரித் தோழி ஒருத்தியைக் கூட்டிப் போனேன், அந்த ஆஸ்பத்திரியில் அவளை யாருக்கும் தெரியாது. டாக்டர்களை ஓ.பி.யில் பிடிக்க முடியாது. ஓ.டி.யில் (ஆபரேஷன் தியேட்டர்) ஒரு கேஸுக்கும் அடுத்ததுக்கும் நடுவே காபி குடிக்கிற நேரம்தான்.

உங்களைப் பற்றிய விவரம் என்ற பகுதியை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். வயது, ஆண் பெண், வார்டு, பதவி, அனுபவம், படிப்பு ஆறையும் கேட்டால் டயாலிசிஸில் வேலை செய்கிற ஒரே ஆண் நர்ஸைச் சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். நான் மூன்றுதான் வைத்தேன்: எந்தப் பகுதி, என்ன வேலை, ஐந்து வருஷத்துக்கு மேலா கீழா. ஐந்து பேருக்குக் குறைவான பகுதிகளை வேறொன்றோடு சேர்த்துவிட்டேன்.

பைலட்டை, அதாவது முன்னோட்டமாக நடத்திப் பார்ப்பதை, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு பேரிடம், வேறு ஆஸ்பத்திரியில் நடத்துங்கள். வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டுகிற க்ரோன்பாக் ஆல்ஃபா 0.7க்கு மேல் வந்தால் போதும். எத்தனை நிமிஷம் ஆகிறது என்றும் பாருங்கள், எனக்குப் பதினைந்து நிமிஷம் ஆனது.

6. கொடுப்பதும் திரும்ப வாங்குவதும்

நான் தோற்றது இங்கேதான்.

ஜனவரி முதல் வாரம். படிவங்களை வார்டு வாரியாகக் கட்டி ஒவ்வொரு இன்சார்ஜ் சிஸ்டரிடமும் கொடுத்துவிட்டு, "ஸ்டாஃப் நிரப்பினதும் வாங்கி வையுங்க சிஸ்டர், மூணு நாள்ல வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் போனால் எல்லாம் தயார். கட்டுக்கட்டாக, ரப்பர் பேண்ட் போட்டு. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். முதல் படிவத்தில் 36 வாக்கியத்துக்கும் "ஒப்புக்கொள்கிறேன்" என்ற நாலாவது கட்டத்தில் டிக், மேலிருந்து கீழே கோடு கிழித்த மாதிரி. இரண்டாவதும் அப்படியே. ஒரு வார்டில் எல்லாமே ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு. "பிரச்சினையை எடுத்துச் சொல்வது இங்கே கடினம்" என்பதற்கும் ஒப்புக்கொள்கிறேன், "மேலே சொல்லும்படி சக ஊழியர்கள் ஊக்கப்படுத்துகிறார்கள்" என்பதற்கும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டும் எப்படி ஒரே ஆளுக்கு உண்மையாக இருக்கும்? பாதிக்கு மேல் இப்படித்தான். அதில் ஒரு எண்ணைக்கூட நான் பயன்படுத்த முடியாது.

அடுத்த வாரம் நைட் டியூட்டி நேரத்தில் போய், எனக்கு முன்பே பழக்கமான ஒரு சிஸ்டரிடம் கேட்டேன். மருந்து டிராலியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "போன வருஷம் டோஸ் மாறப் பார்த்ததை நானே கண்டுபிடிச்சு, நானே இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதினேன். எனக்குத்தான் மெமோ வந்துச்சு. இப்ப நீங்க கொடுத்த பேப்பரை இன்சார்ஜ் டேபிள்ல வெச்சுட்டுப் போறீங்க. நாங்க என்ன எழுதுவோம்னு நினைச்சீங்க?"

பதில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கைடிடம் சொன்னேன், எத்திக்ஸ் கமிட்டிக்கு மாற்றம் எழுதிக் கொடுத்தேன் (சேகரிக்கும் முறையை மாற்றினால் அவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும்), நிர்வாகத்திடம் அந்த இரண்டாவது கடிதம் வாங்கினேன். பிப்ரவரியில் இரண்டாவது சுற்று நடத்தினேன். அந்த முறையைச் சொல்கிறேன்.

படிவத்தை நீங்களே ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள், ஒட்டக்கூடிய உறையோடு. இன்சார்ஜ் வழியாக எதுவும் போகக் கூடாது, இன்சார்ஜுக்கும் ஒரு படிவம் மட்டும். கிளவுஸ் வருகிற பெரிய அட்டைப்பெட்டியை நான்கு பக்கமும் டேப் போட்டு, மேலே கத்தியால் ஒரு பிளவு வெட்டி, ஒரு சின்னப் பூட்டு மாட்டினேன். கேன்டீன் வாசலில் ஒன்று, பெண்கள் உடை மாற்றும் அறையில் ஒன்று, ஓ.டி. காபி அறையில் ஒன்று. எங்கே வைப்பதானாலும் முதலில் மேலே பார்த்து சி.சி.டி.வி. இருக்கிறதா என்று பாருங்கள், கேமராவுக்குக் கீழே வைத்த பெட்டியில் யாரும் போட மாட்டார்கள். சாவி உங்களிடம் மட்டும். எல்லோருக்கும் ஒரே நிறப் பேனா வாங்கிக் கொடுப்பதும் நல்லது, கையெழுத்துப் பயம் குறைகிறது.

நேரமும் முக்கியம். டியூட்டி மாறும் வேளையில் போகாதீர்கள், ஹேண்ட் ஓவரைக் கெடுத்துக்கொண்டு பாதுகாப்பைப் பற்றிக் கேட்பது நியாயமே இல்லை. காலை டியூட்டிக்கு ரவுண்ட்ஸ் முடிந்து பதினொன்றரைக்கு மேல். நைட் டியூட்டிக்குப் பத்து மணி மருந்தெல்லாம் கொடுத்து முடித்த பிறகு. வீட்டுக்கு எடுத்துப் போய் நிரப்பிக் கொண்டுவருகிறேன் என்றால் விடுங்கள், அப்படி வந்த படிவங்களில்தான் கருத்துப் பகுதி நிறைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தர அங்கீகாரம் தருகிற என்.ஏ.பி.எச். ஆடிட் சமயத்திலும் இன்கிரிமென்ட் போடுகிற மாதத்திலும் சர்வே வைக்காதீர்கள். எல்லோரும் நல்ல பதிலாக எழுதுவார்கள்.

கூகுள் ஃபார்மில் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். எடுக்கலாம், காசு மிச்சம். ஆனால் மெயில் ஐடி சேகரிக்கும் அமைப்பை அணைத்தீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். சைன் இன் செய்யச் சொன்னாலே பாதிப் பேர் மூடிவிடுவார்கள். ஆஸ்பத்திரி வைஃபையில் திறந்தால் ஐ.டி. டிபார்ட்மெண்ட் பார்க்கும் என்ற பயமும் இருக்கிறது.

7. எண்ணுவது

எஸ்.ஏ.க்யூ.வில் 1 முதல் 5 வரை வரும் பதிலை 0, 25, 50, 75, 100 என்று மாற்ற வேண்டும். சராசரியிலிருந்து 1 கழித்து 25ஆல் பெருக்கினாலும் அதேதான். சராசரி 3.8 என்றால் 70. ஒருவருக்கு 75 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்தப் பகுதியில் அவர் மனப்போக்கு சாதகமானது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம், அப்படி எத்தனை சதவீதம் பேர் என்று பார்க்க வேண்டும். எதிர்மறை வாக்கியங்களைத் திருப்பிப் போட்ட பிறகே (5ஐ 1 ஆக, 4ஐ 2 ஆக) சராசரி எடுங்கள், அதை மறந்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். "பொருந்தாது" என்பது பூஜ்யம் இல்லை, காலி.

களைப்பைப் பற்றிய பகுதியில் மட்டும் நிதானம் வேண்டும். "வேலைச் சுமை அதிகமானால் என் வேலையின் தரம் குறைகிறது" என்பதற்கு ஆம் என்று சொல்வதுதான் அங்கே நல்ல மதிப்பெண். நம் நர்ஸ்கள் அதைத் தங்கள் குறையை ஒப்புக்கொள்வதாக நினைத்து இல்லை என்று போடுகிறார்கள். டபுள் டியூட்டி பார்த்துவிட்டு "எனக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்லிப் பழகியவர்கள். மதிப்பெண் குறைந்திருப்பதை வைத்து அவர்களைக் குறை சொல்லி எழுதாதீர்கள்.

ஏ.எச்.ஆர்.க்யூ. எடுத்தவர்களுக்குக் கணக்கு வேறு, சாதகமாகச் சொன்னவர்களின் சதவீதம்தான் பார்ப்பார்கள். எண்களை விட எனக்கு உதவியது கருத்துப் பகுதி. மூன்று நான்கு பேர் ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள்: வெளி மாநிலத்திலிருந்து வரும் நோயாளிகளிடம், குறிப்பாக வங்காளத்திலிருந்து வருகிறவர்களிடம், "நீங்கதானே இன்னார்?" என்று கேட்டால் எதற்கும் தலையாட்டுகிறார்கள், அந்தத் தலையாட்டலை நம்பி மருந்து கொடுக்கப் பயமாக இருக்கிறது என்று. பெயரை நாம் சொல்லிக் கேட்காமல், அவரைச் சொல்லவைத்து, கைப்பட்டையில் உள்ள நம்பரோடு ஒப்பிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதிதான். அவசரத்தில் அது நழுவுகிறது என்று அவர்களே எழுதியிருந்தார்கள். பூட்டிய பெட்டி இல்லாவிட்டால் அதை யார் எழுதுவார்கள்?

8. செலவும் நாளும்

எனக்கு ஆனதை அப்படியே சொல்கிறேன். தமிழாக்கமும் திரும்ப ஆங்கிலமாக்கலும் சேர்த்து 5,000. சத்துவாச்சாரியில் அடித்த கேள்வித்தாள் ஜெராக்ஸ் ஒரு சுற்றுக்கு 1,000, தகவல் தாள் 250. முதல் சுற்று வீணானதால் இரண்டும் இரட்டிப்பு. உறைகள் 500. பூட்டுகள் 120. புள்ளிவிவரம் பார்த்துத் தந்தவருக்கு 4,000. நாலு பைண்டிங் 1,400. பஸ், ஆட்டோ 1,500. மொத்தம் 15,020 ரூபாய். எத்திக்ஸ் கமிட்டியில் மாணவர் என்பதால் கட்டணம் வாங்கவில்லை, வாங்குகிற இடங்களும் உண்டு, விண்ணப்பம் வாங்கும்போதே கேளுங்கள். எக்செல் தெரிந்தால் அந்த 4,000இல் பெரும்பகுதியை மிச்சம் பிடிக்கலாம்.

நாள் கணக்கில், அனுமதிக்கு மூன்று வாரம், தமிழாக்கத்துக்கு ஒரு மாதம், நிபுணர் சான்றுக்கு ஐந்து வாரம், எத்திக்ஸுக்கு ஏழு வாரம், பைலட் ஒரு வாரம், சேகரிப்பு இரண்டு வாரம். தமிழாக்கம் நடக்கும்போதே அனுமதிக்கு அலையலாம். எத்திக்ஸ் கடிதத் தேதிக்கு முன்னால் ஒரு படிவம்கூடக் கொடுக்காதீர்கள், பைலட்டும் சேர்த்துத்தான்.

9. முடிவை அவர்களுக்குச் சொல்லுங்கள்

பெட்டியைத் திறந்த மூன்று வாரத்துக்குள் ஒரு பக்கத் தமிழ்த் தாள் ஒட்டிவிட வேண்டும். "இத்தனை பேர் எழுதினீர்கள், நன்றி. இவை நன்றாக இருக்கின்றன, இவை சரியில்லை, நிர்வாகம் இந்த மூன்றைச் செய்வதாகச் சொல்லியிருக்கிறது." அவ்வளவுதான். தீசிஸ் பைண்டிங் ஆகும்வரை காத்திருந்தால் பாதி ஸ்டாஃப் வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள்.

வார்டுகளை வரிசைப்படுத்தி யார் முதலிடம், யார் கடைசி என்று போடாதீர்கள். கடைசி வந்த வார்டுதான் ஒருவேளை உண்மையை எழுதிய வார்டு. அவர்களைக் கூப்பிட்டுத் திட்டினால் அடுத்த முறை அங்கிருந்தும் நேர்கோட்டு டிக்தான் வரும். அந்தந்த இன்சார்ஜிடம் அவரவர் வார்டு விவரத்தைத் தனியாகக் கொடுங்கள், கருத்துகளில் ஆளைக் காட்டிக்கொடுக்கும் சொற்களை நீக்கிவிட்டு.

நிர்வாகத்திடம் பேசும்போது பெரியதாகக் கேட்காமல் உடனே செய்யக்கூடியதாக மூன்று கொண்டுபோங்கள். நான் கொண்டுபோனவை: தவறிப்போய் நேரடியாக ஏற்றினால் உயிருக்கே ஆபத்தான பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல்களைச் சாதாரண மருந்துகளோடு ஒரே டிரேயில் வைக்காமல் வார்டிலிருந்தே எடுத்துவிட்டு, தேவைப்படும்போது பார்மசியிலிருந்து வாங்குவது, கைப்பட்டை பார்த்துப் பெயர் கேட்கும் வாக்கியத்தை வங்காளியிலும் இந்தியிலும் தமிழ் எழுத்தில் எழுதி டிராலியில் ஒட்டுவது, நியர் மிஸ் எழுதித் தந்தவருக்கு அதற்காக மெமோ கிடையாது என்று சர்க்குலர் விடுவது. முதல் இரண்டும் அந்த மாதமே நடந்தன. மூன்றாவதற்கு நர்சிங் சூப்பிரண்டெண்டைப் பார்க்க ஆறு முறை போனேன். ஏப்ரலில் சர்க்குலர் வந்தது. டிராலியைத் துடைத்துக்கொண்டு என்னிடம் பேசிய அந்த சிஸ்டருக்கு அதில் ஒரு பிரதியை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு, மடித்து யூனிஃபார்ம் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.